பாய் கடை ஆணியில் தொங்கிய நோட்டு

எங்கள் சந்தில் திருட்டு பட்டப்பகலில்தான் நடக்கும். இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திருவொற்றியூரில் கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் சந்து அது. பாதி வீடுகள் மீன்பிடிக் குடும்பங்கள். மீதி வீடுகளில் என் வீட்டுக்காரரைப் போலச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கோ ஏதாவது கம்பெனிக்கோ போகிறவர்கள். பொழுது விடியும் முன்பே பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் கடலில். ஷிப்டுக்காரர்கள் ஷிப்டில். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை சந்தில் மிச்சம் இருப்பது நாலைந்து பேரும் இரண்டு நாயும் என் தையல் மிஷின் சத்தமும்தான். ராத்திரியில் திருடன் வந்தால் யார் காலையாவது மிதிக்காமல் போக முடியாது, அத்தனை பேர் வாசலில் படுத்திருப்போம். காலையில் வந்தால் மாப்பிள்ளை மாதிரி வந்து போகலாம். அப்படித்தான் கேஸ் சிலிண்டர்கள் போயின, தண்ணி மோட்டார் போயிற்று, என் அம்மா கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கும் போயிற்று.

புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனில் கேட்கிற முதல் கேள்வி, "வீட்ல ஆள் இல்லாம எங்க போனீங்க?" என்பது. சோறு தின்னப் போனோம் என்று சொல்ல வாய் வரை வரும். சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் எனக்கு இந்த வினை வந்தது.

புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். தெற்கத்திப் பக்கத்து ஆள், பேச்சில் மரியாதை குறையாது. வந்த மாதமே ஒவ்வொரு தெருவையும் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். போலீஸ் தனியாக எதையும் செய்ய முடியாது, மக்களும் சேர்ந்தால்தான் திருட்டு நிற்கும், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு காவல் குழு வேண்டும் என்றார். சமோசாவும் கொடுத்தார். கேள்வி கேட்கச் சொன்னதும் எழுந்து, "ராத்திரி ரவுண்ட்ஸ் எங்களுக்கு வேணாம் சார், காலையில பத்து மணிக்கு ஒரு ஆளை அனுப்புங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் சொன்ன காரணத்தை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்கதாம்மா உங்க தெருவுக்குச் செயலாளர்" என்றார். வாய் இருக்கிறவளுக்கு வேலை கொடுத்துவிடுவது என்பது அரசாங்கத்தின் பழைய தந்திரம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தலைவர் பதவிக்கு எங்கள் சந்தில் போட்டியே இல்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எந்தச் சங்கம் ஆரம்பித்தாலும் அவர்தான் தலைவர். சட்டைப்பையில் இரண்டு பேனா. வேலை முழுக்கச் செயலாளர் தலையில்.

பட்டா நோட்டு என்று ஒன்று உண்டு. ரோந்து வரும் போலீஸ்காரர் வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற நோட்டு. மற்ற இடங்களில் செல்போனில் ஸ்கேன் செய்கிறார்களாம். எங்கள் சந்திலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டினார்கள். உப்புக் காற்றில் இரண்டே மாதத்தில் உரிந்து விழுந்தது. அதனால் நோட்டு. இன்ஸ்பெக்டர் அதில் இரண்டு புதுமை செய்தார். ஒன்று, போலீஸ்காரர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தெருச் செயலாளரும் "வந்தார்" என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது, நோட்டைச் சந்தின் கடைசி வீட்டில்தான் மாட்ட வேண்டும். "அப்பத்தான் எங்க ஆளு சந்து முழுக்க நடந்து வருவாரு" என்றார். விவரமான மனிதர். அவர் விவரம் எங்கள் நல்ல மனசு முன்னால் எத்தனை நாளைக்கு நிற்கும்?

கடைசி வீடு மீன் விற்கிற அக்கா வீடு. எனக்கு எதிர் வரிசையில் மூன்று வீடு தள்ளி, கடலைப் பார்த்தபடி இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். அவள் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார்; குடித்துவிட்டு வலையைக்கூட விற்றிருக்கிறார். பிறகு ஒரு நாள் நிறுத்தினவர் நிறுத்தினவர்தான், பல வருடம் ஆயிற்று. ஆனால் ஒரு மனிதன் குடித்ததை ஊர் மறக்காது; குடியை நிறுத்தியதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளாது. அக்கா வீட்டு வாசல் சுவரில், அவர்தான் ஆணி அடித்து நோட்டை மாட்டினார்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரு ஏட்டையா. நல்லவர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் தொல்லையே அங்கேதான். சட்டைப்பையில் நூல் கட்டிய பேனா, முழங்காலில் பெல்ட், எல்லோரையும் "ம்மா" "ப்பா" என்று கூப்பிடும் குரல். காலை பத்தேகால் மணிக்கு மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சந்து முழுக்க நடந்து வருவார். வழியில் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். கடைசி வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் போய்ப் பக்கத்தில் போடுவேன். இப்படி மூன்று மாதம் நடந்தது. அந்த மூன்று மாதத்தில் ஒரு துடைப்பக்கட்டைகூடக் களவு போகவில்லை.

பிறகு மழைநீர்க் கால்வாய் வேலை வந்தது. சந்தை நெடுக வெட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகை. அதன் மேல் சர்க்கஸ் நடந்துதான் உள்ளே போக வேண்டும். தோண்டுகிறவர்கள் வருவார்கள், மூன்று நாள் காணாமல் போவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள், தண்ணீரை இறைக்க மோட்டாரைத் தூக்கி வருவார்கள், தூக்கிப் போவார்கள். யார் யார் என்று யாருக்கும் தெரியாது. ஏட்டையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நடந்து வருவதைப் பார்த்தால் நமக்கே வலிக்கும். ஒரு நாள் கால் வழுக்கிச் சேற்றில் ஒரு காலை விட்டுவிட்டார். அக்காதான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிப் பேசியது. "பாவம், மன்சன் கஸ்டப்பட்றாரு. வேல முடியற வரிக்கும் நோட்ட மெயின் ரோட்டாண்ட பாய் கடையில மாட்டிடலாம்" என்றார் தலைவர். டீக்கடை பாயும் சரி என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். அக்காவும் தூக்கினாள். ஆணியிலிருந்து நோட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பாய் கடையில் பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே மாட்டியது யார்? நான்தான். இதற்காக என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு ஏட்டையா சந்துக்குள் காலே வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், பாய் டீ கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், போனார். காலையில் மார்க்கெட்டுக்கும் வேலைக்கும் போகிறவர்கள், அக்காவும்தான், கையெழுத்து மட்டும்தான் அங்கே, ரோந்து வழக்கம்போல நடக்கிறது என்று நினைத்திருந்தார்கள். எனக்கும் தினமும் மெயின் ரோடு வரை போக நேரம் இல்லை. ஆடி முடிந்து கல்யாண ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. சனிக்கிழமை பால் வாங்கப் போகும்போது ஒரு வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன். "வந்தார், வந்தார், வந்தார்." ஒரு சனிக்கிழமை பார்த்தேன், அடுத்த செவ்வாய் வரைக்கும் ஏட்டையா முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். "இன்னா ஏட்டையா, செவ்வாக்கெழம இப்பவே வந்துடுச்சா?" என்றேன். "பந்தோபஸ்து கீதும்மா, வர முடியாது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நானும் அவருக்குத் துணையாகச் செவ்வாய் வரைக்கும் போட்டுவிட்டு வந்தேன். அதிலிருந்து முன்கூட்டிப் போடுவதே வழக்கமாயிற்று. பந்தோபஸ்தாம். வர முடியாததற்குத்தான் வந்தார் என்று கையெழுத்து. இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இந்தக் கூத்தில் உச்சம் என்னவென்றால், மாதக் கூட்டத்தில் எங்கள் நோட்டுக்குத்தான் முதலிடம். மற்ற தெரு நோட்டுகளில் அங்கங்கே கட்டங்கள் காலியாக இருந்தன. எங்களுடையதில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இன்ஸ்பெக்டர் அதை உயர்த்திக் காட்டி எல்லோரையும் கை தட்ட வைத்தார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப்பில் போட்டார் தலைவர். அந்தப் பச்சைச் சால்வையைத் தையல் மிஷினுக்கு மேலே, எல்லோரும் பார்க்கிற மாதிரி மடித்து வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை. அக்கா வீட்டுக்காரர் படகு இன்ஜினைக் கழற்றி வீட்டு நடையில் வைத்திருந்தார். ஏதோ பேரிங் போய்விட்டது. அதை வாங்க ராயபுரம் போனார். அக்கா வழக்கம்போல மார்க்கெட்டில். பதினொன்றரைக்குக் கூடையோடு வந்தவள் போட்ட சத்தம் என் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. ஓடினேன். பூட்டு தரையில் கிடந்தது. நடையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. இன்ஜின் இல்லை.

படகுக்காரனுக்கு இன்ஜின் போனால் என்ன என்று மீன் தின்கிறவர்களுக்குப் புரியாது. படகு மணலில் கிடக்கும். அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டும், அவன் கூப்பிட்டால். மீனவர் சங்கம் வழியாக வேறு இன்ஜினுக்கு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். அதனால் அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனோம். அக்கா, அவள் வீட்டுக்காரர், தலைவர், செயலாளராகிய நான்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏட்டையாவை அனுப்பிப் பட்டா நோட்டை வரவழைத்தார்; எங்கிருந்து எடுத்து வந்தார் என்று கேட்கவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார்.

"பத்தேகாலுக்கு எங்க ஆளு உங்க வீட்டு வாசல்லயே நின்னிருக்காரு. பூட்டுப் போட்டிருந்துச்சு, ஒண்ணும் இல்லைன்னு எழுதிருக்காரு. செயலாளரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். "ரெண்டு பேரு இல்லாம தூக்க முடியாத சாமான், ஒரு சத்தமும் இல்லாம ஒரு மணி நேரத்துல போயிருக்கு. நீங்க ராயபுரத்துல என்ன வாங்குனீங்க?"

"சாமான் கெடைக்கல சார்" என்றார் அவர்.

"பில்லு?"

"வாங்கவே இல்ல சார், பில்லுக்கு எங்க போவேன்?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "முன்ன ஒரு தடவ வலைய வித்துருக்கீங்களாமே?" என்றார். அதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் போலீசுக்குத் துப்புக் கொடுக்க ஆளே கிடைக்காது என்று யார் சொன்னது? தேவையில்லாத துப்பு மட்டும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மண்டபத்தில் இருநூறு பேர் முன்னால் எழுந்து பேசின வாய் இது. ரேஷன் கடையில், கார்ப்பரேஷனில், கரண்ட் ஆபீசில் அடங்காத வாய். அன்றைக்கு அடங்கிவிட்டது. அந்தக் கையெழுத்து நான் சனிக்கிழமையே போட்டது. சொன்னால் ஏட்டையாவுக்கு வேலை போகும், எனக்கும் கேஸ் வருமோ என்னவோ, சால்வை போர்த்திய போட்டோ வேறு ஊரெல்லாம் சுற்றுகிறது. அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். விசாரிப்போம் என்று ஒரு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

பதினோரு நாள் போயிற்று. அந்தப் பதினோரு நாளை என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியும்: நான் கோழை. அக்கா வீட்டுக்காரர் கடற்கரையில் படகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பார். யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை. கூடி நின்று பேசுகிறவர்கள் அவரைக் கண்டதும் வலையைப் பற்றிப் பேசுவார்கள். என் வீட்டுக்காரர்கூட ஒரு நாள் சோறு தின்றுகொண்டே, "பழைய பழக்கம் எங்கடி வுட்டுப்பூடும்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் குழம்புக் கரண்டியை விட்டெறிந்தேன். ஆனால் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அக்கா வந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில், அவள் எப்போதும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுமே" என்றாள். "அன்னிக்கு ஏட்டையா கூட நீயும் எங்க வூட்டாண்ட வந்து பாத்துட்டுதான கையெழுத்து போட்ட, பூட்டு நல்லாதான் இருந்திச்சா?"

நான் மிஷினை நிறுத்தினேன்.

"ராத்திரி பூரா அதான் யோசிச்சிகினு கீறேன். போலீஸ்காரன் பொய் எழுதுவான். நீ எழுத மாட்ட. நீ கையெழுத்து போட்டுக்கீறன்னா பூட்டு நல்லாதான் இருந்துக்கும். அப்போ அவருதான் எதோ பண்ணிகிறாருமே. இத்தினி வருசம் கழிச்சி மறுபடியும் பண்ணிட்டாரு." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நேத்து அவர கேட்டே வுட்டேன். இன்ஜின வித்துட்டியான்னு கேட்டுட்டேன்."

ஊர் சந்தேகப்பட்டதைத் தாங்கிக்கொண்ட மனுஷன், பெண்டாட்டி கேட்டதும் எழுந்து போய்ப் படகிலேயே படுத்துக்கொண்டாராம். பெண்டாட்டி கேட்டது என் கையெழுத்தை நம்பி.

"யக்கா, நான் அங்க வரவே இல்லக்கா" என்றேன். "ஏட்டையாவும் வரல. அவரு பாய் கடையிலயே குந்திகினு கையெழுத்து போட்டுட்டு போய்டுவாரு. நான் அந்த கையெழுத்த சனிக்கெழமையே போட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "பன்னெண்டு நாளு" என்றாள். "பன்னெண்டு நாளு நீ இங்க குந்திகினு ரவிக்க தச்சிகினு இருந்தியா?" அவ்வளவுதான். கடற்கரைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நான் மிஷினை மூடிவிட்டுப் பாய் கடைக்குப் போய், மறுபடி அங்கேயே வந்து தொங்கிய நோட்டைக் கழற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பாய் பின்னாலேயே வந்து, "யம்மா, யோசிச்சிகினு போம்மா, பேஜாரு ஆயிடும்" என்றார். யோசித்ததெல்லாம் போதும் பாய் என்றேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. ஏதோ பக்கத்து வீட்டுப் பாசத்தில் மாற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தார். நோட்டைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு மாதத்துப் பக்கங்களிலும் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. திங்கட்கிழமைக் கட்டத்தின் மேலேயே ஒன்று.

"சார், எங்க சந்துக்குள்ள டீக்கடையே கிடையாது" என்றேன். "நீங்க இத தூக்கிக் காட்டித்தான் எனக்கு சால்வை போட்டீங்க."

அவர் பக்கம் பக்கமாகத் திருப்பி அந்த வட்டங்களைப் பார்த்தார். "எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க பேருலயும் தப்பு வரும். தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்றேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்த செய்தி சந்துக்கு வந்த பிறகுதான் தலைவருக்கு நாக்கு முளைத்தது. அன்றைக்குப் பத்து மணி வாக்கில் இரண்டு பேர் தார்பாயில் சுற்றி ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். கால்வாய்க்காரர்கள் மோட்டாரைத் தூக்கிப் போகிறார்கள் என்று நினைத்தாராம். பார்த்தது மட்டுமில்லை. வழி இல்லாமல் அவர்கள் நின்றதைக் கண்டு, தன்னுடைய ஸ்கூட்டரை நகர்த்தி வழி விட்டிருக்கிறார். "பாவம், வெயிட்டு தூக்கிகினு நிக்கறாங்களேன்னு..." என்றார். காவல் குழுத் தலைவர்! "இத ஸ்டேஷன்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். "நீ கையெழுத்து போட்டுகிறியே, நான் இன்னாத்த சொல்றது?" என்றார்.  அவர் சொன்னதையும் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இன்ஜின் கிடைக்கவில்லை, அது என்றைக்கோ துண்டு துண்டாக எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். சங்கத்தில் மனு நகர ஆரம்பித்தது.

என்னை எச்சரித்து விட்டார்கள். ஏட்டையாவுக்கு மெமோ கொடுத்து வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். போகிற அன்று பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்லம்மா" என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டே. "ஆனா நான் கேக்கலியே. நோட்ட இங்க எத்துகினு வான்னு நான் ஒரு வார்த்த கேட்டனா?"

கேட்கவில்லைதான். வலியோடு நடந்து வந்துகொண்டிருந்தவரை உட்கார வைத்தது நாங்கள். வேலி பயிரை மேய்ந்தால் வேலியைத் திட்டலாம். நாங்களே வேலியைப் பிடுங்கி, அதற்கு நிழலில் இடம் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த மாதம் புது போலீஸ்காரர் வந்தார். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கழுத்துச் செயின் பளபளத்தது. சந்தில் கால்வாய் இன்னும் திறந்தேதான் கிடந்தது. முதல் வாரக் கூட்டத்திலேயே தலைவர் ஆரம்பித்தார்: "பாவம், சின்னப் பையன், இந்த வெயில்ல..." என் கையில் அன்றைக்கு எதுவும் இல்லாமல் போயிற்று, இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

அக்கா எழுந்தாள். அந்தப் பன்னிரண்டாம் நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதை விட்டிருந்தாள். அன்றைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. "நோட்டு எங்க வூட்ல இருக்கட்டும்" என்றாள். "வெளிய இல்ல. நடையில, இன்ஜின் இருந்த எடத்துக்கு மேல. எங்க வூட்டுக்காரரு கையெழுத்து போடுவாரு. அவருதான் இப்ப சும்மா கீறாரே."

 அவரைப் பார்த்து வலையைப் பற்றிப் பேசினவர்கள்தான் அத்தனை பேரும். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. புது போலீஸ்காரர் பலகை மேல் நடந்து, பூட்டுகளை இழுத்துப் பார்த்து, அக்கா வீட்டு நடைக்குள் போய், எண்ணெய்க் கறை மேல் நின்று கையெழுத்துப் போட வேண்டும். "நாளிக்கும் சேத்து போட்டுடறேன் அண்ணே, பந்தோபஸ்து கீது" என்று ஒரு நாள் அவர் கேட்டது என் மிஷின் வரைக்கும் கேட்டது. "நாளிக்கு நாளிக்கு போட்டுக்கலாம் சார்" என்றார் அக்கா வீட்டுக்காரர், மரியாதையாகத்தான். ஆள் வராத நாளில் அந்தக் கட்டத்தில் "வரவில்லை" என்று பெரிதாக எழுதி வைக்கிறார். இதனால் மாதக் கூட்டத்தில் எங்கள் சந்துக்குக் கெட்ட பேர். போன மாதச் சால்வை அடுத்த தெருவுக்குப் போயிற்று. "அவுங்க நோட்டுல ஒரு நாள்கூட வுட்டுப்போவல" என்று தலைவர் வந்து என்னிடம் அங்கலாய்த்தார். அவர்கள் நோட்டு எந்த டீக்கடையில் தொங்குகிறது என்று கேட்டு அனுப்பினேன்.

நேற்று வியாழக்கிழமை. பன்னிரண்டு மணி ஆகியும் போலீஸ்காரர் வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் நோட்டோடு என் ஜன்னலண்டை வந்து நின்றார். என் கையெழுத்து அந்த நோட்டில் விழுந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. யாரும் கேட்கவும் இல்லை, நானாகப் போய்க் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

"உங்க அக்கா குடுக்க சொன்னா" என்றார். "வரலன்னு நான் மட்டும் எழுதினா, நானே எதோ எழுதிகினேன்னு சொல்லிடுவாங்களாம். நீயும் ஒரு கையெழுத்து போடுவியாம்."

எட்டிப் பார்த்தேன். அக்கா அவள் வீட்டு வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் கையில் இருந்த நூலை அறுத்துவிட்டு எழுந்து, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பலகை பலகையாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் வரவில்லை. தேதியை ஒரு தடவை சரி பார்த்து, "வரவில்லை" என்பதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.